ஏழாம் நம்பர் பஸ்ஸில் ஒரு வழிகாட்டித் திட்டம்

நான் கல்லூரியில் படித்தவன் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, தட்டச்சில் லோயர் தேறி (ஹையருக்கு இரண்டு முறை உட்கார்ந்தேன், மூன்றாம் முறை அலுத்துப்போய் விட்டுவிட்டேன்), வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தவன். அப்படிப்பட்ட நான், பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்கள் ஒருவருக்கொருவர் எப்படி யோசனை சொல்லிக்கொள்ள வேண்டும் என்று நான்கு பக்கத்தில் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தேன். அவர்களும் அதை ஐந்து நாள் நடத்திப் பார்த்தார்கள். ஐந்தாவது நாள் என்ன ஆயிற்று என்பதைத்தான் சொல்லப் போகிறேன். பிள்ளைகளே, சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். என் பங்குச் சிரிப்பு தீர்ந்துபோய் ரொம்ப நாள் ஆகிறது.

முதலில் ஒன்றை விளக்கிவிடுகிறேன். கல்லூரியில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் ஆசிரியரைப் பொறுப்பாகப் போடுவார்கள். அவருக்குப் பெயர் அட்வைசர். யார் வகுப்புக்கு வரவில்லை, யார் எந்தப் பாடத்தில் தடுமாறுகிறார்கள், யார் முகம் நான்கு நாளாக வாடிக் கிடக்கிறது, எல்லாவற்றையும் அவர் கவனிக்க வேண்டும். பாடம் நடத்துவதைவிட இது கஷ்டமான வேலை. பாடத்துக்குப் புத்தகம் இருக்கிறது. அழுகிற பையனுக்குப் புத்தகம் கிடையாது.

அந்த வருடம் புதிதாக ஒன்பது அட்வைசர்கள். ஒருவர், பரீட்சையில் தவறியவனின் அப்பாவுக்குப் போன் போடுவதற்குப் பதிலாக, பட்டியலில் அதற்கு அடுத்த வரியில் இருந்தவனின் அப்பாவுக்குப் போட்டுவிட்டார். (அந்தப் பையன் வகுப்பில் இரண்டாவதாக வந்தவன். அவன் அப்பா ஓட்டிக்கொண்டிருந்த லாரியோடு நேராகக் கல்லூரிக்கே வந்துவிட்டார்.) இன்னொருவர் ஒரு மாணவியை உட்காரவைத்து, “மனசு விட்டுப் பேசும்மா” என்றார். அவள் பேச ஆரம்பித்ததும் இவர் அழுதுவிட்டார். அந்தப் பெண்தான் ஓடிப்போய்த் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தாள்.

புதியவர்களை அனுபவசாலிகளோடு சேர்த்துவிட ஒரு திட்டம் வேண்டும் என்று பிரின்சிபால் இரண்டு பேராசிரியர்களிடம் சொன்னார். அவர் இவரிடம் தள்ள, இவர் அவரிடம் தள்ள, ஒரு மாதம் ஓடிவிட்டது. அதற்குள் கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வருகிறது என்று கடிதம் வந்தது. ஒரு மத்தியானம் பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார்.

“ஏகாம்பரம், இத்தனை வருஷமா எல்லா அட்வைசரும் உங்க டேபிளுக்குத்தானே வர்றாங்க. யாரு எங்க தடுக்கி விழறாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே எழுதிடுங்க.”

“நான் பிளஸ் டூ சார்.”

“திட்டத்துக்குக் கீழ அதையெல்லாம் போட வேணாம்.”

இப்போது யோசித்தால், அவருக்கும் களைப்பு, அதனால் சொல்லிவிட்டார் என்று தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் நீள நோட்டு ஒன்றும் சிவப்புப் பேனா ஒன்றும் வாங்கினேன். நெஞ்சு சட்டைக்குள் இரண்டு அங்குலம் பெரிதாகியிருந்தது.

உண்மையாகவே உழைத்தேன். ஒன்பது புதியவர்கள், ஒன்பது சீனியர்கள். இவருக்கு ஓய்வான நேரத்தில் அவருக்கு வகுப்பு. அவருக்கு ஓய்வு என்றால் இவர் லேபில். மதிய உணவு நேரத்தில் சேர்க்கலாம் என்று பார்த்தால், எல்லோரும் வருடக்கணக்காக ஒரே டப்பா கூட்டாளிகளோடு உட்காருகிறார்கள். அதைக் கலைத்தால் கல்லூரியே இரண்டாகிவிடும். சாயங்காலம் நான்கு பத்துக்குப் பஸ் கிளம்பிவிடும்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. பஸ்.

காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். எல்லோரும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே சீட்டில் ஒரு சீனியர், ஒரு புதியவர். இடம் தேட வேண்டாம், நேரம் தேட வேண்டாம். வேலப்பன்சாவடியில் இறங்கும்போது அட்வைசர் பக்குவமாகிவிடுவார். திட்டத்தில் பத்து விதிகள் எழுதினேன். நாலாவது விதி: தினமும் ஓர் உண்மையான பிரச்சினையைப் பேச வேண்டும். ஆறாவது விதி: இன்ஜின் சத்தம் அதிகம் என்பதால் இருவரும் உரக்க, தெளிவாகப் பேச வேண்டும்.

ஆறாவது விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்னால் அதை மறக்க முடியவில்லை.

என் மனைவி சரசு ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே கேட்டாள். “ஏங்க, அதே பஸ்ல பசங்களும் வர்றாங்கல்ல?”

“அவங்க எல்லாம் காதுல வயரை மாட்டிக்குவாங்க சரசு. இடி விழுந்தாலும் கேக்காது.”

“படிச்சவங்க போற பஸ்ஸு. நான் இன்னா சொல்றது.” அவள் புளியைப் பிழிந்த விதத்தில் ஒரு கருத்து இருந்தது. நான் கவனிக்கவில்லை.

பசங்களும் வருகிறார்கள் என்றாளே சரசு, அதில் ஒருத்தி என் மகள் நிவேதா. அதே கல்லூரியில் இரண்டாம் வருடம். முத்தாபுதுப்பேட்டையில் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் ஏழாம் நம்பர் பஸ்ஸில் ஏறுவோம். ஏறியதும் அவள் கடைசி சீட்டுக்குப் போய்விடுவாள். நான் டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை சீட்டில். திரும்ப வீட்டு வாசலுக்கு வரும்வரை நாங்கள் இருவரும் முன்பின் தெரியாதவர்கள். அது அவள் போட்ட சட்டம். நான் மதித்து நடக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பஸ்ஸுக்கு வாய்த்த ஜோடி சபாபதி சாரும் வினோதினி மேடமும். சபாபதி சார் சேக்காட்டுக்காரர். பதினெட்டு வருடம் அட்வைசராக இருந்தவர். காலையில் வீட்டு மாடுகளைக் கவனித்துவிட்டுப் பஸ் ஏறுவதால், உட்கார்ந்த அரை நிமிடத்தில் தூங்கிவிடுவார். வினோதினி மேடம் ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்து ஏறுபவர். அப்பா திருநெல்வேலியில் இருந்து வேலைக்கு வந்தவர் என்பதால் பேச்சில் அந்த ஊர் வாடை லேசாக இருக்கும். முதல் வேலை, முதல் வருடம். என் மகளின் வகுப்புக்கு அவர்தான் அட்வைசர்.

திங்கட்கிழமை அவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சபாபதி சார் விழிப்பதற்காகக் காத்திருந்தார். பருத்திப்பட்டு போயிற்று, காடுவெட்டி போயிற்று. கல்லூரி வந்ததும் சார் விழித்து, “நல்லா போயிட்டிருக்கும்மா, இப்படியே பண்ணுங்க” என்று இறங்கிப் போனார்.

செவ்வாய்க்கிழமை டிரைவர் முனிரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தபடி அவரே யோசனை சொல்ல ஆரம்பித்தார்.

“மேடம், நேத்து ஒரு பையனைப் பத்தி சார்கிட்ட கேக்கணும்னு சொல்லிகினு இருந்தீங்களே, அவன் நல்ல பையன்தான். ஊட்ல கொஞ்சம் தகராறு கீது. ரெண்டு நாளு கண்டுக்காத வுட்ருங்க, தானா வருவான்.”

அது நல்ல யோசனை என்பதும், அந்தப் பையன் தானாகவே வந்தான் என்பதும் வேறு விஷயம். திட்டத்தில் டிரைவருக்கு இடமில்லை. அவரை வண்டியை மட்டும் ஓட்டச் சொன்னேன்.

“நான் ஓட்றேன் அண்ணாத்தே. நீங்கதான் சாரை எழுப்பணும்.”

வெள்ளிக்கிழமை நானே கண்காணிப்பது என்று முடிவு செய்தேன். அதற்கென்று ஒரு ஃபாரம் அடித்திருந்தேன். பிரச்சினை எடுத்துரைக்கப்பட்டதா, குரல் தெளிவாக இருந்ததா, சீனியர் பதில் அளித்தாரா என்று மூன்று கட்டம். என்னைப் பார்த்தால் அவர்கள் இயல்பாகப் பேச மாட்டார்கள் என்று, வழக்கமான சீட்டை விட்டுவிட்டு, அவர்களுக்கு மூன்று வரிசை பின்னால் குனிந்து உட்கார்ந்தேன். ஆவடியில் ஏறிய வினோதினி மேடம் டிரைவர் பக்கத்து சீட்டைப் பார்த்தார். காலி. நான் விடுப்பு என்று நினைத்திருக்கிறார். அன்றைக்கென்று பார்த்து சபாபதி சாரும் விழித்திருந்தார். (இரண்டு நாளைக்கு முன் மாடு ஒன்றை விற்றுவிட்டாராம். வேலை குறைந்துவிட்டது.)

சென்னீர்குப்பத்தை நெருங்கும்போது வண்டிகள் தேங்கி நின்றன. பஸ் உறுமிக்கொண்டே ஊர்ந்தது. மேடம் விதி ஆறின்படி குரலை உயர்த்தினார்.

“சார், என் கிளாஸ்ல ஒரு பொண்ணு. அட்டெண்டன்ஸ் அறுபத்தெட்டுதான் இருக்கு. எழுபத்தஞ்சு வரலைன்னா பரீட்சை எழுத முடியாது, வருஷமே போயிரும்.”

நான் முதல் கட்டத்தில் ‘ஆம்’ என்று எழுதினேன்.

அப்போது, இனி நகராது என்று முடிவு கட்டிய முனிரத்தினம் இன்ஜினை நிறுத்தினார்.

இன்ஜின் நின்றது மேடத்துக்குத் தெரிவதற்குள் அடுத்த வாக்கியம் வெளியே வந்துவிட்டது. இன்ஜினுக்கு மேலே கேட்க வேண்டிய குரல், சத்தமே இல்லாத பஸ்ஸில் ஒலிபெருக்கி மாதிரி விழுந்தது.

“அவ அப்பா நம்ம ஆபீஸ்லதான் சார் இருக்காரு. அவர்கிட்ட எப்படிச் சொல்லதுன்னு தெரியல.”

இரண்டாவது கட்டத்தில், குரல் மிகத் தெளிவு என்று எழுதினேன். சத்தியமாக எழுதினேன். அந்த ஃபாரம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எழுதி முடித்துப் பேனாவை எடுக்கும்போதுதான், எங்கள் அலுவலகத்தில் நான்கே பேர், அதில் கல்லூரியில் படிக்கும் மகள் ஒருவருக்குத்தான் என்று மண்டைக்குள் ஏறியது.

சபாபதி சார் பதினெட்டு வருட அனுபவத்தைத் திரட்டி, அதே உரத்த குரலில் பதில் சொன்னார்.

“யாரு, நம்ம ஏகாம்பரம் பொண்ணா? அவர்கிட்ட சொல்லிடாதீங்கம்மா. நல்ல மனுசன்தான். ஆனா சொன்னா அதுக்கு ஒரு ஃபாரம் அடிப்பாரு. அந்தப் பொண்ணுகிட்டயே மூணு காப்பி கையெழுத்து வாங்குவாரு.”

பஸ் சிரித்தது. ஐம்பது பேர் காதிலும் வயர் இல்லை என்பது அப்போது தெரிந்தது. முனிரத்தினம் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, பரிதாபப்பட்டோ என்னவோ, மெதுவாகச் சொன்னார்.

“சாரே, அவரு உங்களுக்குப் பின்னாலதான் குந்திகினு கீறாரு.”

சிரிப்பு நின்றது. அது நின்ற விதம் சிரிப்பைவிட மோசம். பின்பக்கப் படியில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். நிவேதா.

நானும் இறங்கினேன். கையில் ஃபாரம், பேனாவுக்கு மூடி போடவில்லை, சட்டைப் பையில் சிவப்பு மை இறங்கிக்கொண்டிருந்தது. அவள் சாலை ஓரமாகக் கல்லூரி இருக்கும் திசையில் வேகமாக நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். இதில் இன்னொரு கொடுமை, அதற்குள் வண்டிகள் நகர ஆரம்பித்துவிட்டன. ஆனால் நாங்கள் நடக்கிற வேகத்துக்குத்தான் நகர்ந்தன. ஏழாம் நம்பர் பஸ் எங்கள் பக்கத்திலேயே, எங்கள் கூடவே வந்தது. ஒவ்வொரு ஜன்னலிலும் இரண்டு தலை.

“நில்லும்மா.”

“பஸ்ல ஏறுங்கப்பா. எல்லாரும் பாக்குறாங்க.”

“ஏறிக்கோ பாப்பா, வெயில் ஏறுது,” என்றார் முனிரத்தினம் ஜன்னல் வழியாக.

“நீங்க போங்கண்ணா.”

“எங்க போறது, நானும் இங்கதான் கீறேன்.”

கடைசியில் ஒரு பஞ்சர் கடையின் பின்பக்கம், டயர் அடுக்கி வைத்திருந்த சந்தில் ஒதுங்கி நின்றோம். பஸ் கண்ணில் படவில்லை.

“உடம்பு சரியில்லையா? யாராச்சும் ஏதாச்சும் சொல்றாங்களா? கிளாஸுக்கு ஏன் போகல?”

அவள் டயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். “எல்லா கிளாஸும் இல்லப்பா. பெரும்பாலும் ஃபர்ஸ்ட் பீரியட்தான். லைப்ரரி பின்னால படிக்கட்டுல உக்காந்துக்குவேன். பல நாள் அப்புறம் மத்தியானம் வரைக்கும் போக மனசு வராது.”

“ஏன்?”

“நீங்க வருவீங்கல்ல.”

எனக்குப் புரியவில்லை. பிள்ளைகளே, உங்களுக்கும் புரிந்திருக்காது. தினமும் முதல் மணி நேரத்தில் நான் வகுப்பு வகுப்பாகச் சர்க்குலர் எடுத்துப் போவேன். கட்டணம் கட்டக் கடைசித் தேதி, விடுமுறை, அடையாள அட்டை என்று ஏதாவது இருக்கும். வாசலில் நின்று படிப்பேன். அவள் வகுப்பில் படித்து முடித்ததும் அவளைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்பேன். ‘தண்ணி பாட்டில் எடுத்தாந்தியாம்மா?’ அவ்வளவுதான். அறுபது பேர் முன்னால். ஒவ்வொரு நாளும். நான் படிக்காத கல்லூரியில் என் மகள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு ஏதாவது கேட்க வேண்டும்போல இருக்கும். கேட்பதற்கு வேறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

“நீங்க மொத நாள் கேட்டதுலேர்ந்து என் பேரே தண்ணி பாட்டில்தான்,” என்றாள். “அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதுகூட பின்னாடி இருந்து சொல்லுவாங்க.”

அவளை நான் தேடியும் இருக்கிறேன். பல நாள் அந்த இடம் காலியாக இருந்தது. லேபுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“எப்படி சொல்றது? நீங்க ஆசையா கேக்குறீங்கன்னு தெரியும். அதான்.”

என் ஃபாரத்தில் இதற்கு ஒரு கட்டம் இல்லை. இருவரும் கல்லூரிக்கு நடந்தோம். முதல் மணி நேரம் அன்றும் அவளுக்குப் போய்விட்டது. அதற்கும் காரணம் நானே.

பதினோரு மணிக்கு வினோதினி மேடம் என் மேசைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

“சார், நான் இந்த வேலைக்கே லாயக்கில்ல. எழுதிக் கொடுத்துட்டுப் போயிரலாம்னு இருக்கேன்.”

“நீங்க விதிப்படிதான் பேசினீங்க மேடம். ஆறாவது விதி. அதை எழுதின ஆளு இன்னும் வேலையிலதான் இருக்கேன்.”

லேசாகச் சிரித்தார். நோட்டைத் திறந்து கணக்குப் போட்டுக் காட்டினார். பருவம் முடிய ஐந்து வாரம் இருக்கிறது. இனி ஒரு மணி நேரம்கூட விடாமல் வந்தால் எழுபத்தைந்தைத் தாண்டிவிடலாம். “காரணம் மட்டும் சொல்ல மாட்டேங்கா சார். எவ்வளவோ கேட்டுட்டேன். நீங்க கேட்டா சொல்லுவாளோ என்னவோ.”

“கேக்கறேன் மேடம்,” என்றேன். அவர் போனதும், நிவேதாவின் வகுப்பு இருக்கும் கட்டடத்துச் சர்க்குலர்களைப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்தேன். எனக்கு முழங்கால் வலி, படி ஏற முடியவில்லை என்றேன். (முழங்கால் அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. பொய்க்குத் தண்டனையாக இப்போது நிஜமாகவே வலிக்கிறது.)

சாயங்காலம் வீட்டில் சரசு விசாரணையை ஆரம்பித்தாள். முனிரத்தினத்தின் மனைவி வழியாகச் செய்தி அவளுக்கு மூன்று மணிக்கே வந்துவிட்டது.

“ஏன்டி, காலைல கிளாஸுக்குப் போகாம எங்க போன?”

நான் சட்டையில் இருந்த மைக் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடலாம். திறந்தேன். அதற்குள் நிவேதா முந்திக்கொண்டாள்.

“தூக்கம் வருதும்மா. அதான் லைப்ரரில போயி தூங்கிட்டேன்.”

“எல்லாம் அந்தப் போனு. விடிய விடிய நோண்டிகினு இருந்தா தூக்கம் வராம?” என்று சரசு ஆரம்பித்தாள். பெண் தலை குனிந்து முழுவதையும் வாங்கிக்கொண்டாள். நான் கறையைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். துணி கிழிந்துவிட்டது.

திட்டத்தைத் திங்கட்கிழமையே பிரின்சிபால் நிறுத்திவிட்டார். பார்வைக் குழுவில் ஒருவர், நல்ல யோசனையாக இருக்கிறதே, ஏன் ஐந்தே நாளில் நின்றது என்று கேட்டாராம். “போக்குவரத்து நெரிசல்,” என்றாராம் பிரின்சிபால். அதில் பொய் ஒன்றும் இல்லை. பிறகு வினோதினி மேடம் அரைப் பக்கத்தில் வேறு ஒன்று எழுதினார். வாரம் ஒரு முறை, கதவு உள்ள ஓர் அறை, பேசும்போது கதவு சாத்தியிருக்க வேண்டும், மாணவர் பெயரைச் சொல்ல வேண்டாம். அது இன்றைக்கும் நடக்கிறது. அதில் என் பங்கு, டைப் அடித்தது மட்டும்.

நிவேதா ஐந்து வாரமும் ஒரு மணி நேரம்கூட விடவில்லை. எழுபத்தாறில் வந்து நின்றாள். பரீட்சை எழுதினாள். இப்போது அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள்.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து ‘இன்ஜின் ஆஃப்’ என்றால் குரலைத் தணி என்று அர்த்தம். கல்யாண வீட்டில் நான் சாப்பாட்டைப் பற்றிச் சரசுவிடம் ரகசியமாகச் சொன்னால் (என் ரகசியம் நான்கு பந்திக்குக் கேட்கும்), மூன்று பக்கத்தில் இருந்தும் ‘இன்ஜின் ஆஃப்’ வரும். போன மாதம் நிவேதாவைப் பார்க்கப் பூந்தமல்லியில் இருந்து வந்தவர்கள் முன்னால், நான் மெதுவாக என்று நினைத்துக்கொண்டு, “மாப்பிள்ளைக்கு முடி கொஞ்சம் கம்மிதான்” என்றேன். என் தங்கை பேரன், எட்டு வயது, “தாத்தா, இன்ஜின் ஆஃப்” என்றான். அவர்கள் அர்த்தம் கேட்டார்கள். சரசு முழுக் கதையையும் சொன்னாள். அவள் சொல்லும்போது பஸ் இரண்டு மடங்கு நீளம், நான் டயர் மேலேயே விழுந்து எழுந்ததாக வரும். மாப்பிள்ளைதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். பிறகு, “இவ்வளவு தூக்கமா வந்துச்சு உங்களுக்கு?” என்று நிவேதாவைக் கேட்டார்.

“ஆமாங்க, ரொம்பத் தூக்கம்,” என்றாள் அவள். என் பக்கம் திரும்பவே இல்லை.

இத்தனை வருடமாக அவள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வருகிறாள். அம்மாவிடம்கூட மாற்றிச் சொன்னதில்லை. காரணத்தை இன்றைக்குத்தான் நான் எழுதுகிறேன். முதலில் சரசுவிடம் படித்துக் காட்ட வேண்டும்.